பத்து ரூபாய் வில்லையும் பல்கலைக்கழகப் பதிவேடும்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச வந்த பொருளுக்குப் போவது வழக்கம். இன்று எங்களால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு பல்கலைக்கழக நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குக் காட்டியவர் தோழர்தான். இத்தனைக்கும், அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் அவரை முதலில் பார்த்தது ஆட்சியர் அலுவலக வாசலில், ஒரு திங்கட்கிழமை, குறைதீர் நாளில். பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். காலனி மக்களுக்குப் பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, சாதிச் சான்றிதழ் கேட்டு மனு எழுதிக் கொடுப்பார். கார்பன் தாள் வைத்து மூன்று படி எழுதுவார். கையில் இருக்கும் படியில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் விழாமல் இடத்தை விட்டு நகர மாட்டார். பண்ணைக்காரருக்குப் பயந்து ஒருவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "என் பேரைப் போடுப்பா. என்னை எவனும் கூலிக்குக் கூப்பிடாம நிறுத்த முடியாது. நான் பென்ஷன்காரன்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கடைசியில் அதற்குத்தான் திரும்ப வரப்போகிறோம்.

காகிதத்தோடு நமக்கு இருக்கும் உறவு புதியது இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை வந்தது. அந்த நிலத்தை வேறு சாதியாருக்கு விற்க முடியாதபடி நிபந்தனையும் வந்தது. ஆணை நம்மிடம் இருந்தது. ஆனால் எந்தச் சர்வே எண் பஞ்சமி, எது இல்லை என்பதைச் சொல்லும் கணக்கு, கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. நிலம் எப்படிப் போயிற்று என்று நமக்குத் தெரியும். அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில், 1994இல், ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, பொதுச் சாலையையும் கிணற்றையும் எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்று அரசு ஆணையிட்டது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆணை போட்டாயிற்று, ஆனால் அது நடக்கிறதா என்று கணக்குக் கேட்க நமக்கு வழி இல்லாமல் இருந்தது. உரிமை ஒரு காகிதத்தில் இருக்கும். அது நிறைவேறியதா என்பது இன்னொரு காகிதத்தில் இருக்கும். முதல் காகிதத்தை நமக்குக் காட்டுவார்கள். இரண்டாவதைப் பூட்டி வைப்பார்கள்.

அண்ணல் அம்பேத்கர் இதை நன்றாக அறிந்தவர். 1928இல் சைமன் குழுவுக்கு, பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி நிலை பற்றி ஓர் அறிக்கை அளித்தார். அதில் அவர் புலம்பவில்லை. தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று படிநிலை வாரியாக, வகுப்பு வாரியாக எண்களை அடுக்கினார். மேலே போகப் போக நம் பிள்ளைகள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பதை அந்த எண்களே சொல்லின. சமூகவியல் முதுகலை வகுப்பில் எங்களுக்குப் பெரிய பெரிய கோட்பாடுகள் சொல்லிக் கொடுத்தார்கள். அண்ணலின் அந்த அறிக்கையை யாரும் கையில் கொடுக்கவில்லை. இயக்கத்துக்கு வந்த பிறகுதான் படித்தோம்.

அந்த இரண்டாவது காகிதத்தைக் கேட்கும் உரிமை பேராசிரியர்களிடமிருந்து வரவில்லை. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போன கூலித் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. செய்த வேலைக்கு முழுக் கூலி வரவில்லை. ஏன் என்று கேட்டால், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். சரி, பதிவேட்டைக் காட்டு என்றார்கள் அந்த மக்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தி, வருகைப் பதிவேட்டை வாய்விட்டு வாசித்தது. செத்துப்போனவர் பெயருக்குக் கூலி எழுதியிருந்தது. கட்டாத கட்டடத்துக்குச் சிமென்ட் வாங்கியிருந்தது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1997லேயே விதிவிலக்குகள் நிறைந்த ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு கூலிக்காரர் கேட்ட கேள்வியின் பலனைத்தான் இன்று பல்கலைக்கழக மாணவர் பயன்படுத்துகிறார். இதை மறக்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் சாதி எங்கே இருக்கிறது? விடுதியில், உணவுக்கூடத்தில், நெறியாளர் பேசும் தொனியில் இருக்கிறது. அதையெல்லாம் நாம் கதையாக, கவிதையாக, தன்வரலாறாக எழுதியிருக்கிறோம். ஆனால் அது இன்னோர் இடத்திலும் இருக்கிறது. சத்தமே இல்லாமல், பதிவாளர் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு. ஆசிரியர் பணியிடங்களுக்கு இனச்சுழற்சிப் பட்டியல் உண்டு. மத்தியப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கு முதல் இடம் ஏழாவது பணியிடத்தில் வருகிறது. பழங்குடியினருக்குப் பதினான்காவதில் வருகிறது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்தால் இது பெரிய சிக்கல் இல்லை. துறையை அலகாக எடுத்தால்? ஆறு ஆசிரியர் கொண்ட துறையில் பட்டியல் சாதியினருக்கு இடமே வராது. பழங்குடியினரைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2017இல் துறைதான் அலகு என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 2019இல் அவசரச் சட்டமும், பிறகு சட்டமும் வந்து நிலைமை மாறியது. 'அலகு' என்ற ஒரு சொல். அதை மாற்றியபோது யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் உள்ளே வராமலேயே போயிருப்பார்கள்.

உதவித்தொகையும் அப்படித்தான். ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போனபோது எழுதிய கடிதத்தில், தனக்கு ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வர வேண்டியிருக்கிறது என்று கணக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தின் நட்சத்திரங்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். ஏழு மாதம் ஒரு கோப்பு எந்த மேசையில் இருந்தது என்பது இலக்கியத்துக்கு வெளியே உள்ள கேள்வி என்று நாங்கள் நினைக்கவில்லை.

பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. சமவாய்ப்பு மையம் இருக்க வேண்டும், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2019இல், மகனை இழந்த ராதிகா வெமுலாவும், மும்பையில் மகள் மருத்துவர் பாயல் தட்வியை இழந்த அபேதா தட்வியும் சேர்ந்து உச்சநீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. விதிமுறை காகிதத்தில் இருக்கிறது, செயலில் இல்லை என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய நிலை. நம்முடைய கல்லூரியில் அந்த அலுவலர் யார்? கடந்த மூன்று ஆண்டில் எத்தனை புகார் வந்தது? எத்தனை முறை கூடினார்கள்? இதைக் கேட்கப் பத்து ரூபாய் போதும்.

மும்பை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் புலே படிப்பு வட்டத்து மாணவர்கள் இதைத்தான் செய்தார்கள். முனைவர் பட்டச் சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் எந்தத் துறையில் யார் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, அட்டவணை போட்டு வெளியிட்டார்கள். "தகுதியானவர்கள் விண்ணப்பிக்கவில்லை" என்று அதுவரை சொல்லிவந்த பதிலுக்கு எதிரே விண்ணப்பித்தவர் எண்ணிக்கையையே வைக்க முடிந்தது.

சட்டம் என்ன தருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்றோடு கேட்டால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்று தெரிந்ததும் சில நாளிலேயே அந்தப் பகுதியை நீக்கியது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் போதாவிட்டாலும் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதன் பிறகு தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போக வேண்டும். உரிய காரணம் இல்லாமல் தாமதித்தால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதுதான்.

திருத்திய விடைத்தாளைக் கேட்கலாம். சிபிஎஸ்இ வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆட்சிக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்கலாம். தணிக்கைத் தடைகளையும் அவற்றுக்குக் கொடுத்த விளக்கத்தையும் கேட்கலாம். அரசிடம் கணிசமான நிதி பெறும் தனியார் கல்லூரிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுயநிதிக் கல்லூரியை நேரடியாகக் கேட்க முடியாவிட்டால், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அந்தப் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். சட்டப்படி பல்கலைக்கழகம் கல்லூரியிடம் வாங்கக்கூடிய எந்தத் தகவலையும் வாங்கித் தரச் சொல்லலாம்.

இனி எங்கள் அனுபவம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், அங்கே மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படிப்பு வட்டத்து மாணவர்கள் எங்களிடம் வந்தார்கள். இரண்டு ஆண்டாகப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரவில்லை. கேட்டால், அரசிடமிருந்து பணம் வரவில்லை என்று ஒரே பதில். கட்டணம் கட்டினால்தான் நுழைவுச் சீட்டு என்றும் சொல்லியிருந்தார்கள். அரசாணை 92 பற்றி அலுவலகத்தில் பேசினால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ போய்ப் படி" என்று விரட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் எழுதி வந்த விண்ணப்பம் நான்கு பக்கம். "பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஏன் அநீதி இழைக்கப்படுகிறது?" என்று தொடங்கியது. கோபம் நியாயமானது. ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். அன்று இரவெல்லாம் உட்கார்ந்து நான்கு பக்கத்தை நான்கு கேள்வியாக்கினோம். தகுதியான மாணவர் பட்டியலை ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நாள் என்ன? எத்தனை மாணவர்? பணம் பல்கலைக்கழகக் கணக்கில் வரவான நாள் என்ன? மாணவருக்கு வழங்கிய நாள் என்ன?

முப்பது நாள் போயிற்று. பதில் இல்லை. மேல்முறையீடு செய்தோம். பதில் வந்தது: "தகவல்கள் தொகுக்கப்பட்டு வருகின்றன." நேரில் கோப்பைப் பார்வையிட வேண்டும் என்று கேட்டோம். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கூட இல்லை. ஒரு நாள் குறித்தார்கள். நான்கு மாணவர்கள் போனார்கள். நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பார்த்தார்கள். பிரிவில் இருந்த வயதான எழுத்தர் ஒருவர் ஒன்றும் பேசாமல் கோப்பை எடுத்து வைத்தார். அவர்கள் குறிப்பெடுத்து முடித்துக் கிளம்பும்போது மெல்லிய குரலில், "அதுக்கு அடுத்த பக்கத்தையும் பார்த்துக்கங்க தம்பி" என்றாராம்.

அடுத்த பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. பட்டியலை அனுப்புமாறு நல அலுவலகம் இரண்டு நினைவூட்டல் அனுப்பியிருந்தது. பல்கலைக்கழகம் ஐந்து மாதம் அனுப்பவே இல்லை. பணம் வராததற்குக் காரணம் சென்னையிலோ டெல்லியிலோ இல்லை. அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஒரு மேசையில் இருந்தது.

அந்த ஒரு பக்கத்தின் சான்றிட்ட நகலோடு மாணவர்கள் பதிவாளரைப் பார்க்கப் போனார்கள். இருநூறு பேர் போனார்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். தாள் தானாக ஒன்றும் செய்யாது. தாளோடு ஆட்கள் போக வேண்டும். அந்த ஆண்டு யாருடைய நுழைவுச் சீட்டையும் நிறுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. நிலுவையும் அடுத்தடுத்து வந்தது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் அதற்குள் போய்விட்டார்கள். அவர்கள் திரும்ப வரவில்லை. அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை.

அதே மாணவர்கள் பிறகு இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகலைக் கேட்டார்கள். வந்த பதில் ஒரே வரி: "அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை." சோர்ந்து போனார்கள். நாங்கள் சொன்னோம், இதைவிடப் பெரிய பதில் கிடைக்காது. பதிவேடே இல்லாமல் எந்தச் சுழற்சியில் ஆள் எடுத்தீர்கள்? அந்த ஒற்றை வரியை இணைத்துத் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் புகார் போனது. அடுத்து வந்த பணி அறிவிக்கையில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே இனச்சுழற்சி அச்சாகி இருந்தது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அதுவும் ஆவணம்தான்.

வெற்றிக் கதையை இதோடு நிறுத்தினால் நாங்கள் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும்.

பதிவேடு கேட்ட அந்த விண்ணப்பத்தில் ஓர் ஆய்வு மாணவி கையெழுத்துப் போட்டிருந்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. நன்றாக எழுதுவார், துணிச்சலானவர். நானே போடுகிறேன் என்றார். நாங்களும் பெருமையோடு சரி என்றோம். விண்ணப்பம் போன இரண்டாம் வாரம் நெறியாளர் அவரைக் கூப்பிட்டு, "நீங்க இங்க ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா, வேற வேலை பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. அதன் பிறகு அத்தியாயங்களைப் படித்துத் தர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆய்வுக் குழுக் கூட்டம் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. உதவித்தொகைக்கான வருகைச் சான்றில் கையெழுத்து மாதக்கணக்கில் விழவில்லை. ஒன்றரை ஆண்டு போராடிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டார். இன்று ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறார். எங்களை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அது எங்களுக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

அவருடைய கேள்வியால் பிறகு சிலருக்கு வேலை கிடைத்தது. அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றுதான். தகவல் யாருக்கு மிகவும் தேவையோ, அவரால்தான் அதைக் கேட்கவே முடியாத நிலை இருக்கிறது. விடுதி மாணவர் காப்பாளரின் கையில் இருக்கிறார். ஆய்வு மாணவர் நெறியாளரின் கையில் இருக்கிறார். தற்காலிக விரிவுரையாளருக்கு ஆண்டுதோறும் பணி நீட்டிப்பு ஆணை வர வேண்டும். சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் சமமாக உரிமை தருகிறது. ஆனால் கேட்டதற்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை.

அதே சட்டத்துக்குள்ளேயே இதற்கு வழியும் இருக்கிறது. சட்டம் 'குடிமகன்' என்றுதான் சொல்கிறது. கேட்பவர் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவராக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கேட்பவருக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரிக்கவும் முடியாது. மதுரையில் இருப்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். ஓய்வுபெற்ற தபால்காரர் துணைவேந்தர் அலுவலகத்தின் செலவுக் கணக்கைக் கேட்கலாம். அமைப்பின் பெயரில் விண்ணப்பித்தால் சில அலுவலர்கள் தள்ளிவிடுவார்கள், அதனால் தனி ஆளின் பெயரில்தான் போட வேண்டும். அப்படியானால் பத்துப் பேர் பத்துப் பெயரில், பத்து ஊரிலிருந்து போடலாமே.

அந்தப் பெண் ஊருக்குப் போன பிறகு நாங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். கேள்வியை மாணவர்கள் எழுதுவார்கள். எந்தக் கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கையெழுத்தை வெளியே இருப்பவர்கள் போடுவார்கள். மேல்முறையீட்டு நாள்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டு உண்டு. பதில் வந்தால் எல்லோரும் சேர்ந்து படிப்போம். படித்த பிறகு என்ன செய்வது என்று மாணவர்கள்தான் முடிவெடுப்பார்கள்.

இன்னும் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-ஐத் திருத்திவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்பு, தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 'தனிப்பட்ட தகவல்' என்ற இரண்டு சொல் போதும், கதவைச் சாத்திவிடலாம். தகுதியில்லாதவருக்குப் பதவி கொடுத்தது பற்றிக் கேட்டால், அவருடைய கல்விச் சான்று தனிப்பட்டது என்பார்கள்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. பாதுகாக்கப்பட வேண்டிய நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்கிறது அது. மேல்முறையீட்டில் அதை எழுத மறக்காதீர்கள். இரண்டு, ஆள் பெயரைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேளுங்கள், நாளைக் கேளுங்கள், விதியைக் கேளுங்கள். இது தந்திரத்துக்காக மட்டும் சொல்வதில்லை. உதவித்தொகை பெறும் மாணவர் பட்டியலைச் சாதிப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டி நம் பிள்ளைகளைக் கூனிக் குறுக வைத்தவர்கள் இவர்கள். ஒரு மாணவரின் சாதியும் மதிப்பெண்ணும் ஊர்ப் பேச்சாவதை நாமும் விரும்பக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவரின் முடிவு வெளியே வரட்டும். அதிகாரம் இல்லாதவரின் அந்தரங்கம் உள்ளேயே இருக்கட்டும். புதிய திருத்தம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. அதை எதிர்க்கத்தான் வேண்டும்.

கணக்குக் கேட்பவர் தன் கணக்கையும் காட்ட வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அமைப்பாளர்களுக்கு நன்றி. நம் சங்கங்களில் எத்தனை இதைச் செய்கின்றன? நம் அமைப்புகளில் பெண்கள் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள், நமக்குள்ளேயே மிகவும் அடியில் தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர் மேடையில் இருக்கிறார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால் நாமும் முப்பது நாளில் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

தோழர் இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்ததாக அவருடைய மகள் சொன்னார்கள். நகை, பணம் எதுவும் இல்லை. கட்டுக் கட்டாகக் கார்பன் படிகள். ஒவ்வொன்றிலும் முத்திரை, தேதி. அவற்றில் பாதிக்கு மேல் வேறு யாருக்காகவோ அவர் தன் பெயரில் போட்டவை.

இந்த அவையில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் இருக்கிறீர்கள். வங்கியில், ரயில்வேயில், அஞ்சலகத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேலே எந்த நெறியாளரின் கையெழுத்தும் தொங்கவில்லை. உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. உங்கள் பெயரையும் முகவரியையும் கேட்கிறோம். ஆண்டுக்கு இரண்டு விண்ணப்பம் உங்கள் பெயரில் போகட்டும். வரும் தபாலைப் பிரிக்காமல் மாணவர்களிடம் கொடுங்கள், அது போதும்.

கூட்டம் முடிந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் நோட்டு ஒன்று இருக்கும். முதல் பக்கத்தில் தோழரின் மகள் தன் பெயரை எழுதிவிட்டார்கள். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.